ஜூரிப் புத்தகத்தில் ஏறாத பெயர்கள்

கொடிய குற்றம் ஒருவன் மீது சாட்டப்பட்டு, ஊரார் அனைவரும் அவனுக்கு எதிராகக் கொதித்து நிற்கும் வேளையில், அவனுக்காக வாதாட வரும் வக்கீல் முதற்கண் செய்ய வேண்டுவது யாது? ஜூரர்களாக அழைக்கப்பட்டோரை ஆராய்ந்து, பகைமை கொண்டோரை விலக்கி, நடுநிலையாளரை அமர்த்திக்கொள்வதே என்பர். அது உண்மையே. ஆயின், பெயர்ப் பட்டியல் எழுதப்படும்போதே ஒரு சாரார் முழுவதும் ஒதுக்கப்பட்டிருப்பின், ஆராயும் திறமையால் என்ன பயன்? இவ்வினாவுக்கு விடை தந்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அதனை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

1931ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி, அலபாமா மாகாணத்தின் வழியே சென்ற சரக்கு ரயிலிலிருந்து ஒன்பது கறுப்பு இளைஞர்கள் பிடிக்கப்பட்டனர். இரண்டு வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாக அவர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் மிக இளையவன் பதின்மூன்று வயதைத் தாண்டாத சிறுவன். ஜாக்சன் கௌண்டியின் தலைநகராகிய ஸ்காட்ஸ்பரோவில், சில நாட்களுக்குள்ளாகவே, வெள்ளை ஆடவர் மட்டுமே அமர்ந்த ஜூரிகளின் முன் விசாரணை முடிந்தது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை! தக்க வக்கீல் உதவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று கூறி, 1932இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்புகளை ரத்துச் செய்தது.

1933இல் மறு விசாரணை டிக்கேட்டர் நகரில் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து வந்த சாமுவேல் லீபோவிட்ஸ் என்னும் வக்கீல், சாட்சிகளைத் தொடுமுன் ஜூரிப் பட்டியலைக் கையில் எடுத்தார். குற்றப் பத்திரிகை பிறந்த ஜாக்சன் கௌண்டியில் இருபத்தோரு வயதுக்கு மேற்பட்ட ஆடவர் 8,801 பேர். அவர்களுள் 666 பேர் கறுப்பர். ஆயினும், கறுப்பர் ஒருவர் ஜூரியில் அமர்ந்ததை நினைவில் வைத்திருப்பார் ஒருவரும் இலர். நேர்மையும் நல்லறிவும் உடையோரையே சட்டம் கேட்கிறது என்றனர் அதிகாரிகள். அங்ஙனமாயின் 666 பேரில் நேர்மையுள்ளவர் ஒருவரும் இல்லையோ?

லீபோவிட்ஸ் வாய்ச்சொல்லோடு நில்லாது, தகுதியுடைய கறுப்பர்களைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றினார். அவர்களுள் ஒருவரை, மாகாணத்தின் தலைமை வழக்கறிஞர் நைட் என்பார், விரலை நீட்டி வெறும் பெயரால் விளித்தார். அவரைத் 'திருவாளர்' என்று மரியாதையோடு அழைக்குமாறு லீபோவிட்ஸ் கோரினார். அது தமக்கு வழக்கமில்லை என்றார் நைட்! பெயருக்கு முன் ஒரு மரியாதைச் சொல்லை மறுத்த மனமும், பெயரையே ஏட்டில் ஏற்ற மறுத்த மனமும் வேறல்ல என்போம் நாம்.

கோரிக்கை தோற்றது. எனினும் அத்தோல்வி வீண் போகவில்லை. சொல்லப்பட்டன யாவும் விசாரணைப் பதிவில் ஏறின. மேல் கோர்ட்டு படிக்கப்போவது அப்பதிவைத்தான் என்பதை லீபோவிட்ஸ் அறிவார். அவ்வாண்டின் இறுதியில் வேறொரு நீதிபதியின் முன் வழக்கு வந்தபோது, புத்தகத்தில் ஆறு கறுப்பர்களின் பெயர்கள் திடீரெனத் தோன்றின! பட்டியலை எழுதி முடித்துக் கோடிட்ட பின்னர், அக்கோட்டின் மேலே அவை எழுதப்பட்டுள்ளன என்று கையெழுத்து நிபுணர் சாட்சியம் அளித்தார்.

1935இல் அப்புத்தகமே சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. நீதிபதிகள் பூதக்கண்ணாடி கொண்டு அவ்வரிகளை நோக்கினர். ஏப்ரல் 1ஆம் தேதி, கறுப்பர்களை ஜூரியிலிருந்து நெடுங்காலம் ஒதுக்கியமை அரசியல் சட்டத்துக்கு முரண் எனத் தீர்ப்பாயிற்று. வெள்ளையரே ஜூரர் ஆகலாம் என்னும் சட்டம் செல்லாதென அதே கோர்ட்டு 1880இலேயே கூறியிருந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்த நீதி, பெயர்ப் புத்தகத்துக்கு வந்து சேர ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன!

வெற்றி முழுமையடைந்ததோ எனின், இல்லை. 1936 ஜனவரியில் ஜூரிக்கு அழைக்கப்பட்டோரில் கறுப்பர்களும் இருந்தனர். சிலர் தாமே விலகிக்கொண்டனர். எஞ்சியோரை அரசாங்கத் தரப்பு நீக்கியது. மீண்டும் வெள்ளை ஜூரியே அமர்ந்து, ஹேவுட் பாட்டர்சன் என்பவருக்கு 75 ஆண்டுச் சிறை விதித்தது. பட்டியலில் இடம் கொடுத்துப் பலகையில் இடம் மறுக்கும் அத்தந்திரத்துக்கு, அதாவது நிறம் பார்த்து ஜூரரை நீக்குவதற்கு, 1986இல்தான் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. பெண்களுக்கோ 1966 வரை அலபாமா ஜூரியில் இடமே இல்லை.

ஒன்பதின்மரில் நால்வர் மீதிருந்த வழக்கு 1937இல் கைவிடப்பட்டது. கிளாரன்ஸ் நாரிஸ் 1976இல் மன்னிப்புப் பெற்றார். மூவருக்கு மன்னிப்பு வந்தது 2013இல். அதனைக் கேட்க அவர்கள் உயிரோடு இல்லை.

சிங்கப்பூரில் 1969இலும் மலேசியாவில் 1995இலும் ஜூரி முறை ஒழிந்தது. ஆதலின் இது நமக்குச் சம்பந்தமற்ற கதை என்று ஒதுக்கிவிடலாமோ? ஆகாது. நம் சங்கமாயினும், ஆலயக் கமிட்டியாயினும், பள்ளிக்கூட வாரியமாயினும், தேர்தல் நாளன்று கூட்டத்தில் நின்று கூவுவதற்கு முன்னர், உறுப்பினர் ஏடு எவர் கையால் எழுதப்படுகிறது, அதில் எவர் பெயர் விடுபடுகிறது என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். லீபோவிட்ஸ் கேட்டதும் அவ்வொரு கேள்வியே: புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்!