கிரெய்க்லாக்ஹார்ட்டின் இரவுகள்

1903 ஏப்ரல் 25. லண்டனில் ஒரு வீட்டில் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் மருத்துவர் தன் இடது கையை அறுவை மருத்துவர் ஒருவரிடம் நீட்டினார். கையில் நோய் எதுவும் இல்லை. முழங்கைக்கு அருகில் தோலுக்கு உணர்ச்சி கொண்டுசெல்லும் நரம்புகளை அந்த அறுவை மருத்துவர் வெட்டினார். வெட்டிய முனைகளை மறுபடி சேர்த்துத் தைத்தார். அறுபட்ட நரம்பு வளர்ந்து வரும்போது உணர்ச்சி எந்த வரிசையில் திரும்பும் என்பது ஹெட்டை வாட்டிய கேள்வி. நோயாளிகளைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் துல்லியமான பதில் கிடைக்காததால், தன் கையையே ஆய்வுக்குக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக, ஓய்வு கிடைத்த வார இறுதிகளிலெல்லாம் ஹெட் ரயிலேறி கேம்பிரிட்ஜ் போனார். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் நண்பர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸின் அறையில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி உட்காருவார். ரிவர்ஸ் பஞ்சால் வருடுவார், ஊசியால் குத்துவார், சுடுநீரும் குளிர்நீரும் நிரப்பிய குழாய்களைத் தோலில் வைப்பார். எங்கே, எப்படி உணர்ந்தது என்று ஹெட் சொல்லச் சொல்லக் குறிப்பெடுப்பார்.

முதலில் திரும்பிய உணர்ச்சி முரட்டுத்தனமானது. ஊசி பட்டால் வலி சுருக்கென்று ஓரிடத்தில் தைக்கவில்லை. கை முழுக்கப் பரவியது, சகிக்க முடியாததாக இருந்தது. குத்தியது ஓரிடம், வலித்தது வேறிடம். நடுவில் அளவு என்று ஒன்று இல்லை: ஒன்றுமே தெரியாது, அல்லது தாங்கவே முடியாது. பஞ்சு வருடுவதை உணர்வது, இந்த இடம்தான் என்று விரல் வைத்துக் காட்டுவது போன்ற நுண்ணுணர்ச்சிகள் வெகுகாலம் கழித்தே வந்தன. நரம்பு மண்டலத்தில் இரண்டு அடுக்குகள் உள்ளன என்றும், பழைய அடுக்கின் முரட்டுக் கூச்சலை நுண்மையான புதிய அடுக்கு அடக்கி வைத்திருக்கிறது என்றும் இருவரும் முடிவுக்கு வந்து, 1908இல் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த இரண்டடுக்குக் கொள்கையைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அந்த அறையில் ரிவர்ஸ் பழகிய ஒரு பழக்கம் பின்னாளில் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு உதவியது: எதிரில் இருப்பவரின் உடம்பு என்ன உணர்கிறது என்பதை அவர் வாயாலேயே கேட்டு, நம்பி, எழுதிக்கொள்ளும் பழக்கம்.

ரிவர்ஸுக்குத் தமிழ் மண்ணோடும் ஒரு தொடர்பு உண்டு. 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவில் இருந்தவர், 1901–02இல் நீலகிரிக்கு வந்து மாதக்கணக்கில் தோடர்களிடையே ஆய்வு செய்தார். மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகள் ஒவ்வொன்றாகப் போய், உன் தகப்பன் பெயர் என்ன, தாய் பெயர் என்ன, அவர்கள் எந்தக் குலம் என்று மொழிபெயர்ப்பாளர் துணையோடு கேட்டு, ஒரு சமூகத்தின் வம்சாவளியையே எழுதி எடுத்தார். 1906இல் வந்த அவருடைய ‘தி தோடாஸ்’ நூலை மானிடவியல் மாணவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். ரிவர்ஸுக்குச் சிறுவயது முதலே திக்குவாய். பேச்சு தடுமாறுவது எப்படியிருக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்.

1914இல் முதல் உலகப் போர் வெடித்தது.

சில மாதங்களுக்குள் பிரான்ஸிலிருந்து விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். உடம்பில் காயமில்லை, ஆனால் பேச்சில்லை. கண்ணில் குறையில்லை, ஆனால் பார்வையில்லை. சிலருக்குக் கைகால் ஓயாமல் உதறியது. சிலருக்குக் கால் விளங்காமல் போனது. லு டூக்கே நகரில் சூதாட்ட விடுதி ஒன்றை மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அங்கே பணியாற்றிய சார்லஸ் மையர்ஸ் இப்படிப்பட்ட மூவரைப் பற்றி 1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் எழுதினார். முதலாமவர் 20 வயதுச் சிப்பாய். முள்கம்பியில் சிக்கிக்கொண்டிருந்தபோது சுற்றிலும் ஷெல்கள் வெடித்தன. பிழைத்து வந்தார், பார்வை மங்கி, உடல் நடுங்கியபடி. ‘ஷெல் ஷாக்’ என்ற சொல் மருத்துவ இதழில் ஏறியது அந்தக் கட்டுரையில்தான். இந்த மையர்ஸும் 1898இல் ரிவர்ஸோடு கப்பலேறிப் போனவர்களில் ஒருவர்.

வெடிப்பின் அதிர்வு மூளைக்குள் நுண்ணிய கசிவுகளை உண்டாக்குகிறது என்று முதலில் பலர் நம்பினார்கள். ஷெல் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அதே உதறல் வந்தபோது அந்த விளக்கம் ஆட்டம்கண்டது. நரம்பில் காயமில்லையென்றால் இது நடிப்பு, கோழைத்தனம் என்று ராணுவத்தில் ஒரு சாரார் அடித்துப் பேசினார்கள். போர்க்களத்தை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலான குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்கள் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகள் என்று இனி யாரைக் கேட்பது?

சுடாமல் விட்டவர்களுக்கு என்ன சிகிச்சை? லண்டன் குயின் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் லூயிஸ் யெல்லண்ட் மின்சாரத்தை நம்பினார். அவரே 1918இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கும் ஒரு நோயாளிக்கு வயது 24. பல போர்முனைகளைக் கண்டுவிட்டு, ஒன்பது மாதமாகப் பேச்சிழந்திருந்தார். அவர் நாக்கில் எரியும் சிகரெட்டை வைத்துக்கூடப் பார்த்திருந்தார்கள். யெல்லண்ட் அவரை இருட்டறைக்குள் அழைத்துப்போய்க் கதவைப் பூட்டினார். பேச்சு வராமல் வெளியே போக முடியாது என்று அறிவித்துவிட்டு, தொண்டையின் பின்புறத்தில் மின்முனையை வைத்தார். ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து அந்த இளைஞர் பேசினார். மருத்துவக் கணக்கில் அது வெற்றி. உடம்பு எதைச் சொல்ல முடியாமல் வாயடைத்துப் போனது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

எடின்பரோ நகரின் ஓரத்தில் கிரெய்க்லாக்ஹார்ட் என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வசதி படைத்தோர் நீர்ச்சிகிச்சைக்காகத் தங்கிய விடுதி அது. 1916இல் மனம் நொறுங்கிய ராணுவ அதிகாரிகளுக்கான மருத்துவமனையாக அதை மாற்றினார்கள். ரிவர்ஸ் அங்கே மருத்துவராக வந்து சேர்ந்தார். கவிஞர் சிக்ஃபிரீட் சசூன், போரை எதிர்த்து வெளிப்படையாக அறிக்கை விட்டதற்காக 1917 ஜூலையில் அங்கே அனுப்பப்பட்டு, ரிவர்ஸின் நோயாளியானார். பகலில் கோல்ஃப், அரட்டை, சிரிப்பு என்று ஓடும் அந்த இடம் இரவானால் வேறாகிவிடும் என்று அவர் பின்னாளில் எழுதினார். விளக்கணைந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியே தம் பதுங்குகுழிக்குத் திரும்பிவிடுவார்கள். நடைக்கூடங்களில் அலறல் கேட்கும். தூங்கப் பயந்து விழித்தே கிடப்பார்கள்.

நடந்ததை மறந்துவிடு, நல்லதையே நினை என்பதுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்ன அறிவுரை. நம் வீடுகளிலும் ‘அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே’ என்று சொல்வோமே, அதேதான். இரவின் அலறல் அந்த அறிவுரையின் விளைவு என்று ரிவர்ஸ் கண்டார். பகல் முழுக்க அழுத்தி வைத்தது இரவில் பீறிட்டது. 1917 டிசம்பரில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் அவர் இதைப் பற்றி வாசித்த கட்டுரை அடுத்த பிப்ரவரியில் ‘லான்செட்’டில் வந்தது. அதில் ஓர் அதிகாரியின் கதை. நண்பனைத் தேடிப் போனவர், ஷெல்லில் சிதறித் தலையும் கைகாலும் வேறுவேறாகக் கிடந்த உடலைக் கண்டார். அந்தக் காட்சி இரவுதோறும் வந்தது. அவர் அதை நினைக்காமலிருக்கப் போராடினார். ரிவர்ஸ் அவரோடு உட்கார்ந்து அந்தக் காட்சியையே பேசினார். உடல் அப்படிச் சிதறியிருப்பதால், நண்பன் வேதனை தெரியாமல் அந்தக் கணத்திலேயே இறந்திருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில நாள் கனவே வரவில்லை. பிறகு ஓரிரவு வந்த கனவில் அவர் நண்பனின் உடலருகே மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவனுடைய பொருட்களை எடுத்துக்கொண்டிருந்தார். விழித்தபோது கண்ணீர் இருந்தது, குலைநடுக்கம் இல்லை.

எல்லோருக்கும் இது பலித்துவிடவில்லை, ரிவர்ஸ் அதை மறைக்கவும் இல்லை. வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, ஊதிக் கிடந்த ஒரு பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்த அதிகாரி ஒருவர் இருந்தார். அந்தச் சுவையும் நாற்றமும் அவரை விடவேயில்லை. ஆறுதலாகப் பற்றிக்கொள்ள அதில் ஒரு துரும்புகூட இல்லை என்று கண்ட ரிவர்ஸ், அதைப் பற்றிப் பேசச் சொல்லி அவரை வற்புறுத்தவில்லை. அவருக்கு முன்பு சற்றே நிம்மதி தந்திருந்தது நாட்டுப்புற வாழ்க்கை. ராணுவத்தை விட்டு அங்கேயே போகும்படி சொன்னார்.

அதே மருத்துவமனையில் ஆர்தர் பிராக் என்ற இன்னொரு மருத்துவர் உடம்பின் வழியே போனார். காலையில் குளிர்ந்த நீரில் குளியல், வயல் வேலை, பள்ளியில் பாடம் நடத்துவது, இயற்கை ஆய்வுக் கழகம் என்று ஒவ்வொருவரையும் ஏதாவதொரு வேலையில் இறக்கினார். தரையைத் தொடும்போதெல்லாம் பலம் பெற்ற கிரேக்கப் புராண அரக்கன் ஆன்டீயஸின் கதையை அடிக்கடி சொல்வார். அவரிடம் சிகிச்சை பெற்ற இளைஞர் வில்ஃப்ரெட் ஓவன் மருத்துவமனை இதழான ‘தி ஹைட்ரா’வின் ஆசிரியரானார், டைன்காசில் பள்ளியில் வகுப்பெடுத்தார். தேறி முனைக்குத் திரும்பியவர், போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது, 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார்.

உடம்புக்குள் நடப்பதன் விளக்கம் அட்லாண்டிக்கின் மறுகரையில் தயாராகிக்கொண்டிருந்தது. 1915இல் ஹார்வர்ட் உடலியலாளர் வால்டர் கேனன், அச்சத்தில் உடல் என்னவெல்லாம் செய்கிறது என்று ஒரு நூல் எழுதினார். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, செரிமானம் நிற்கிறது, ரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடம்பு தயாராகிறது. குலை நடுங்கியது, வயிற்றில் புளியைக் கரைத்தது, மயிர்க்கூச்செறிந்தது என்று தமிழ் சொல்லிவைத்திருப்பதெல்லாம் உடம்பை இப்படித் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தின் வேலைதான். பதுங்குகுழிக்குள் முடங்கிக் கிடந்த சிப்பாய்க்கு எதிர்க்கவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை.

நியூயார்க்கில் முன்னாள் சிப்பாய்களுக்குச் சிகிச்சை தந்த ஆப்ரம் கார்டினர், இது மனத்தில் மட்டும் இருக்கும் நோயல்ல, உடலியல் நோயும்கூட என்று 1941இல் எழுதினார். போர் முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் சிறு சத்தத்துக்குத் துள்ளி விழும் அந்த உடம்புகள் இன்னும் போர்க்களத்தில்தான் இருந்தன. அடுத்த போர்களும் வந்து போயின. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போராடிய பிறகே, 1980இல் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இந்த நோயை ஏற்றது.

அதன்பின் உடம்பிலிருந்து தொடங்கும் சிகிச்சைகள் பெருகின. பீட்டர் லெவின் உருவாக்கிய முறையில், நடந்த கதையை முதலில் சொல்ல வேண்டியதில்லை. பாதம் தரையில் பதிந்திருப்பதை உணரச் சொல்வார்கள். அறையை மெல்லச் சுற்றிப் பார்க்கச் சொல்வார்கள். நெஞ்சு இறுகினால் அதைக் கொஞ்சமே கவனித்துவிட்டு, உடம்பில் இதமாக இருக்கும் இடத்துக்குக் கவனத்தைத் திருப்பச் சொல்வார்கள். அச்சத்தைச் சிறு சிறு மிடறாகவே எடுத்துக்கொள்வது இதன் அடிப்படை. மூச்சை நீட்டி வெளியே விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது என்பது உடலியலில் நிலைபெற்ற உண்மை. அதே வேகஸை மையமாக வைத்து ஸ்டீபன் போர்ஜஸ் 1990களில் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டை உடலியலாளர்கள் பலர் மறுக்கிறார்கள். ஹெட்–ரிவர்ஸ் கொள்கைக்கு நேர்ந்ததும் இதுதான். சிகிச்சைக்குப் பலன் உண்டா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெஸல் வான் டெர் கோல்க் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு அப்படி ஒன்று. மற்ற சிகிச்சைகளில் தேறாத 64 பெண்களில் ஒரு பாதிக்கு 10 வாரம் யோகா, மறுபாதிக்கு உடல்நலக் கல்வி. முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பி.டி.எஸ்.டி. வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். மற்றவர்களில் 21 சதவீதம்.

இந்த ஆய்வுக்கு வெகு முன்பே, ஷெல் என்ற சொல் குழந்தைகளுக்கும் தெரிந்த ஓர் ஊரில் இதே வழியைக் கண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், ஈழத்தமிழர்களின் மனவடுவை 1998இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ நூலில் பதிவு செய்தார். அவரைத் தேடி வந்தவர்கள் பலர் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. தலையிடி, நெஞ்சுநோ, உடம்பு உளைவு என்றுதான் வந்தார்கள். மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்தார்கள். அவரும் சகாக்களும் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது, சாந்தி ஆசனம் என்று மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான வழிகளையே சிகிச்சையாக்கினார்கள்.

சாந்தி ஆசனத்தில் மல்லாந்து படுத்து, கால் விரலிலிருந்து மேலே ஒவ்வோர் உறுப்பாக இறுக்கம் தளர்த்திக்கொண்டே வருவார்கள். மனம் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டுமே என்று அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுத்தார்கள்: இந்துக்களுக்கு ‘ஓம்’, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர். பிறந்ததிலிருந்து அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த ஒலிகள்தான் அவை.