புலமும் கோட்டகமும்

வேதாரணியம் வட்டத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டைத் தேடிப் போகும் முன் பேருந்தில் ஏறி ஊர்ப்பலகைகளை வாசிக்கலாம். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், குரவப்புலம். வாய்மேடு, வெள்ளப்பள்ளம், தாணிக்கோட்டகம், ஆறுகாட்டுத்துறை. மேடும் பள்ளமும் துறையுமாக நிலநூலையே பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள் முன்னோர்.

இந்த மண் கடல் கொடுத்தது. வடகிழக்குப் பருவக்காலத்தில் நீரோட்டம் கரையோரமாக மணலைத் தெற்கே இழுத்து வருகிறது. கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்புவதால் மணல் அங்கே ஒதுங்குகிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கிய பழைய கரைகளே இன்றைய மணல்மேடுகள். குடியிருப்பும் மாந்தோப்பும் மேட்டில், நெல் தாழ்வான கோட்டகத்தில். மேட்டில் பெய்த மழை, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக நிற்கும். கையால் பறித்த குழியில் ஊறுவது குடிக்க இனிக்கும். ஆசைப்பட்டு ஆழம் போனால் கரிக்கும்.

வேதாரணியத்தின் திருமறைக்காடு என்ற பழம்பெயரும், மறைகள் பூட்டிய கோயில் கதவை அப்பர் பாடித் திறக்கச் சம்பந்தர் பாடி அடைத்த கதையும் எல்லோரும் அறிந்தவை. திருவிளையாடற் புராணம் செய்த பரஞ்சோதி முனிவர் பிறந்த ஊரும் இதுவே.

ஆனால் ஊரை நாடறியச் செய்தது உப்பு. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி உப்புச் சட்டத்தை மீறத் திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் வேதாரணியத்துக்கு நடந்து புறப்பட்டார். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழிமரக் கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். ஏப்ரல் 30 அதிகாலை உப்பு அள்ளப்பட்டது. போராட்டத்துக்கு உதவிய உள்ளூர்த் தலைவர் வேதரத்தினம் பிள்ளை சொத்தை இழந்தார். சவரத்துக்கு அமர்ந்திருந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியை மடக்கியவர் தியாகி வைரப்பன். மேடைப் பேச்சுகள் பலவற்றைவிட அந்தப் பாதி முகம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேசபக்தியோடு நிலமும் இந்தப் போராட்டத்துக்குத் துணை நின்றது என்பது என் கருத்து. கோடையில் சதுப்பு வற்றும்போது உப்பு தானே பூக்கும் மண் இது. அதை எடுப்பது குற்றம் என்று இங்குள்ளவர்களை நம்பவைப்பது கடினம்.

தெற்கே கோடியக்காட்டில் வெளிமான்களுக்காக 1967 இல் சரணாலயம் அமைந்தது. பூநாரைகள் சதுப்பில் இறங்குகின்றன. கொடுத்த கடல் எடுக்கவும் செய்யும். 2004 ஆழிப்பேரலையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் எச்சமும் விழுந்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல், மாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்தது.

பல ஆண்டுகள் ஓடாதிருந்த திருத்துறைப்பூண்டி ரயில் 2023 ஏப்ரலில் அகலப்பாதையில் திரும்பி வந்தது. 37 கிலோமீட்டர் ஓடி அகஸ்தியன்பள்ளியில் நிற்கிறது. இறங்கினால் எதிரே உப்பளம்.