பாடச் சொல்லும் வீட்டுச் சொல்லும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் தொம்மலூர் என்னும் பழமையான ஊர் உள்ளது. அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த பின்னர், சென்னை மாகாணத்திலிருந்து பட்டாளத்தோடும் பல தொழில்களோடும் தமிழ் மக்கள் வந்து அதன் சுற்றுப்புறங்களில் குடியேறினர். ஆகவே இப்பகுதிக்குத் தமிழ் புதியதன்று. கன்னடத்தோடு அண்டை வீட்டாரைப்போல் நெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கிறது.

ஆயினும் இத்தகைய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மாலை வேளையில் ஒரு சங்கடம் எழுவதுண்டு. உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளை ஆங்கிலத்துக்கும் உயிரியலுக்கும் வீட்டுப்பாடம் செய்ய உதவி கேட்கிறது. தமிழ் மட்டும் அறிந்த பெற்றோர், தமக்கு இவை தெரியா என்று ஒதுங்கிவிடுகின்றனர். பிள்ளையோ பொருள் விளங்காத சொற்களை உருப்போடுகிறது. வீட்டில் பேசும் மொழி கல்விக்கு உதவாது என்ற எண்ணமும் அதன் மனத்தில் மெல்ல வேரூன்றிவிடுகிறது. நாம் அஞ்சவேண்டியது இந்த எண்ணத்துக்குத்தான். அது சரிதானா என்று வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

உயிரியல் நூலில் மாணவரை மிரட்டும் சொற்களிற் பல, பிறப்பால் ஆங்கிலச் சொற்களே அல்ல. ‘குளோரோபில்’ என்பது 1817-இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய பெயர்; பச்சை, இலை என்பவையே அதன் உறுப்புகள். ‘போட்டோசிந்தெசிஸ்’ என்பது 1893-இல் அமெரிக்கத் தாவரவியலறிஞர் சார்ல்ஸ் பார்ன்ஸ் முன்வைத்த சொற்களுள் ஒன்று; ஒளி, சேர்த்தல் என்பன அதன் பொருள். பச்சையம், ஒளிச்சேர்க்கை என்று தமிழில் சொன்ன அளவிலேயே பாடத்தின் கருத்துப் பாதி விளங்கிவிடுகிறது அல்லவா?

இனி, நம் சமையலறைக்குள் செல்வோம். மாமரத்துக்கு லின்னேயஸ் 1753-இல் வழங்கிய பெயர் ‘மாஞ்சிபெரா இந்திகா’. மாங்காய் என்னும் நம் சொல், மலையாளக் கரையில் ‘மாங்ங’ என வழங்கி, போர்ச்சுகீசியர் வாய்ப்பட்டு ‘மாங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மாங்கோ’ ஆயிற்று. அதனோடு, தாங்குவது என்னும் பொருளுடைய ‘பெரா’ என்ற இலத்தீன் ஈறு சேர்ந்தது. முருங்கையின் பெயரோ ‘மொரிங்கா ஒலைபெரா’. முன்சொல் தமிழும் மலையாளமும் வழங்கும் முருங்கையே; பின்சொல் எண்ணெய் தாங்குவது எனப் பொருள்படும். இந்த ஈற்றை ஒருமுறை அறிந்த மாணவருக்கு, ‘கோனிபர்’ என்ற ஆங்கிலச் சொல் கூம்பு தாங்கும் மரத்தைக் குறிப்பது தானே புலனாகும். இங்கே உயிரியற் பாடமும் ஆங்கிலப் பாடமும் ஒன்றாகிவிடுகின்றன. கறிவேப்பிலையின் அறிவியற் பெயரிலுள்ள ‘கொயனிகீ’ என்ற சொல், 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து நம் நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்த கோனிக் என்பவரின் நினைவாக அமைந்ததாகும்.

தமிழின் வழியே விஞ்ஞானம் புகட்டலாம் என்பதைச் செய்கையாற் காட்டிய பெரியோர் பலர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு முதலிய துறைகளின் நூல்களையும் தமிழாக்கினார். 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு கழகம் கண்டனர். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. மாணவர் ஐயங்களுக்கு விடை தேடுவதற்கென்று ஒரு நூலகமே அதனால் தமிழில் உருவாயிற்று எனலாம்.

ஆங்கிலவழியிற் பயிலும் பிள்ளை, தேர்வில் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. எழுதும் மொழி வேறாயினும், விளங்கிக்கொள்ளும் மொழி வீட்டு மொழியாக இருக்கலாம். பிள்ளை ஒரு சொல்லைக் கேட்டால், “அது என்ன செய்கிறது? நம் வீட்டில் அதற்கு என்ன பெயர்?” என்று திருப்பிக் கேட்பதற்கு ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. பிள்ளை தமிழில் விளக்கி, பிறகு அதையே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களாக எழுதட்டும். ஓய்வு நாளில் அதனை லால்பாக்குக்கு அழைத்துச் செல்லலாம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய அத்தோட்டத்தில் மரங்களின் அறிவியற் பெயர்கள் பலகைகளில் எழுதப்பட்டுள்ளன. பிள்ளை பலகையைப் படிக்கட்டும்; தாய் அம்மரத்தின் தமிழ்ப் பெயரையும் பயனையும் சொல்லட்டும். அவ்வேளையில் இருவருமே ஆசிரியர், இருவருமே மாணவர்.