புரோட்டியோம்

ஒரு கலமோ உயிரியோ குறித்த வேளையில் கொண்டுள்ள புரதங்கள் அனைத்தும். ‘புரோட்டீன்’, ‘ஜீனோம்’ இரண்டையும் இணைத்து 1994இல் மார்க் வில்கின்ஸ் ஆக்கிய சொல். புரோட்டீன் என்பது 1838இல் பெர்சீலியஸ் பரிந்துரைத்த பெயர். ‘முதன்மையான’ என்னும் கிரேக்க அடியில் பிறந்தது. வவுனியாப் பள்ளி மாணவர் படிக்கும் ‘புரதம்’ அவ்வொலியைத் தழுவியது, நன்றாகவே தமிழாகிவிட்டது.

மரபணுத் தொகுதியான ஜீனோம் பெரிதும் மாறாது. புரோட்டியோமோ ஓர் உழுந்து முளைப்பதற்குள் மாறிவிடும். எனவே அதை மீண்டும் மீண்டும் அளக்கவேண்டும்; அவ்வாறு பெருகும் தரவைக் கையாளப் புரோட்டியோமை ஆராயும் துறை கணினியையே நம்பியுள்ளது: திணிவு நிறமாலைமானி அளக்கும் புரதத் துண்டுகளின் திணிவுகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டே புரதங்கள் இனங்காணப்படுகின்றன. புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளை உருவாக்கிய ஹசாபிஸ், ஜம்பர் இருவரும் 2024இன் வேதியியல் நோபல் பரிசில் பங்குபெற்றனர். அவ்வடிவங்களைச் சரிபார்க்க, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் 1963இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் பயன்படுகிறது.