ஆலந்தூர் பாதாளச் சாக்கடைத் திட்டம்

சென்னையின் தென்மேற்கு எல்லையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சி 1996-இல் முடிவெடுத்து, 2000-இல் பணி தொடங்கி, 2003-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த கழிவுநீர்த் திட்டம் இது. வீட்டு உரிமையாளர்களிடம் முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கியது, மீதிக்குக் கடன் எடுத்தது, சுத்திகரிப்பு நிலையத்தை ஒப்பந்ததாரரின் சொந்த முதலீட்டில் கட்டவைத்தது ஆகிய மூன்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்துச் செய்த முதல் இந்திய நகராட்சிகளில் ஒன்று ஆலந்தூர். திட்டம் முடிந்து எட்டே ஆண்டுகளில் நகராட்சி கலைந்து சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலமாகிவிட்டது.

ஊரும் வீடுகளும்

ஆலந்தூரின் பழைய வரலாறு பரங்கிமலையின் வரலாறுதான். மலையுச்சியில் போர்த்துகீசியர் 1523-இல் தேவாலயம் எழுப்பினார்கள். இந்தியாவையே அளந்து முடித்த பெரும் முக்கோண அளவைப் பணிக்கு வில்லியம் லாம்டன் 1802-இல் அடிக்கோடு அளக்கத் தொடங்கியதும் இந்த மலையடிவாரத்தில்தான். ஆங்கிலேயர் இங்கே ராணுவக் குடியிருப்பு அமைத்தார்கள். அதைச் சுற்றிக் கடைத்தெருவும் குடித்தெருவுமாக ஆலந்தூர் வளர்ந்தது.

இன்று நாம் பார்க்கும் ஆலந்தூரை உருவாக்கியவை ரயிலும் மாதச் சம்பளமும். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. மீனம்பாக்கம் விமான நிலையமும், 1950-களின் இறுதியில் வந்த கிண்டித் தொழிற்பேட்டையும் வேலை கொடுத்தன. நகருக்குள் மனை வாங்க வழியில்லாத அரசு ஊழியர்கள், வங்கிக்காரர்கள், ஆசிரியர்கள் ஆகியோர் பழவந்தாங்கலில் இறங்கி நகராட்சிக்குள் இருந்த நங்கநல்லூருக்கும், பரங்கிமலையில் இறங்கி ஆதம்பாக்கத்துக்கும் நடந்தார்கள். ஒரு கிரவுண்டு மனை, முன்னால் சின்னத் தோட்டம், பக்கவாட்டில் கிணறு, பின்னால் செப்டிக் டேங்க் என்று வீடுகள் எழுந்தன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சுமார் 19.5 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1.46 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு நங்கநல்லூர் என்றால் 32 அடி ஆஞ்சநேயர்; உள்ளூர்க்காரர்களுக்கு அது ஓய்வூதியக்காரர்களும் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களும் நிறைந்த ஊர். அந்தச் சங்கங்கள் இல்லாவிட்டால் இத்திட்டம் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஒரு குடும்பம் வாழ்ந்த வரைக்கும் செப்டிக் டேங்க் தாங்கியது. தொட்டியில் தெளிந்த நீர் உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் இறங்கும். அடியில் தங்கும் சகதியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். தனி வீட்டை இடித்து அதே ஒரு கிரவுண்டில் ஆறு வீடு, எட்டு வீடு என்று அடுக்ககம் கட்டத் தொடங்கியதும் கணக்கு மாறியது. அதே பரப்பு மண் எட்டு மடங்கு நீரைக் குடிக்க வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறியதும் மண் குடிக்க மறுத்தது. தொட்டி நிரம்பித் தெருவோர மழைநீர்க் கால்வாயில் வழிந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாடை அடித்தது. லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது மாதாந்திர வழக்கமானது. லாரிகள் எடுத்துப்போனதை எங்கே கொட்டின என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அடுக்ககத்துக்கு ஒப்புதல் கொடுப்பது ஒரு அலுவலகம், அதன் கழிவுநீருக்குப் பொறுப்பு யாருமில்லை என்ற நிலைமை சென்னையைச் சுற்றியிருந்த எல்லாப் புறநகர்களுக்கும் பொது.

கிண்டியைத் தாண்டாத சென்னைக்குள் இந்தத் தொல்லை இல்லை. 1978-இல் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியம் மாநகராட்சி எல்லைக்குள் கழிவுநீர்க் குழாய்களைப் பராமரித்தது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் நகராட்சியைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத காலமும் இருந்தது.

மன்றம் எடுத்த முடிவு

தமிழகத்தில் 1986-க்குப் பிறகு 1996 வரை உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. இடையில் தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். தனி அலுவலருக்குக் கோப்பை நகர்த்தும் அதிகாரம் உண்டு; வீடு வீடாகப் போய் ‘பணம் கொடுங்கள்’ என்று கேட்கும் உரிமை இல்லை. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. நகராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலந்தூரில் தி.மு.க.வின் ஆர்.எஸ். பாரதி தலைவரானார், 2001-இல் மாநிலத்தில் ஆட்சி மாறிய பிறகும் மீண்டும் வென்றார். வேலை நடுவழியில் நிற்காமல் போனதற்கு இந்தத் தொடர்ச்சியும் ஒரு காரணம்.

அப்போது நடப்பிலிருந்த 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி நகராட்சி எதைச் செய்ய வேண்டுமானாலும் அஜெண்டாவில் வைத்து, மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, பெரிய செலவென்றால் அரசின் நிர்வாக ஒப்புதலும் வாங்க வேண்டியிருந்தது. சாலை, தெருவிளக்கு, குப்பை லாரி போன்றவை இப்படித்தான் மாதாமாதம் நகர்ந்தன. பாதாளச் சாக்கடைக்கு அந்த வழி போதவில்லை. திட்டத்தின் மதிப்பீடு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். சொத்து வரியையும் அரசு மானியத்தையும் நம்பி வாழும் நகராட்சிக்கு அது எட்டாத தொகை.

மன்றத்தின் முடிவு அதனால்தான் துணிச்சலானது: பயனாளிகளிடமே முதலில் கேட்பது. எவ்வளவு தருவார்கள் என்று தெரிந்துகொள்ளக் குடும்பங்களிடையே கணக்கெடுப்பு நடந்தது. அதிலிருந்து வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், கடை, நிறுவனங்களுக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை என்று முடிவானது. இயங்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம். குழாய் எதுவும் கண்ணில் படுவதற்கு முன்பே ஐயாயிரம் ரூபாய் கட்டுவது 1990-களில் சின்ன விஷயமில்லை. அரசாங்க வேலை என்றாலே வரும் என்று சொல்லி வராமலே போகும் என்று அறிந்த ஊர் அது. சங்கக் கூட்டங்களில் எழுந்த கேள்விகளும் அதையே சுற்றின: திட்டம் நடக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, வேறு செலவுக்கு எடுத்துவிட மாட்டீர்களா?

நகராட்சி இதற்குக் கொடுத்த பதில் கணக்குத்தான். வைப்புத்தொகை பொதுநிதியில் கலக்காமல் தனியாக வைக்கப்பட்டது. அதற்கு வந்த வட்டியும் திட்டத்துக்கே போனது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் தெருத்தெருவாகப் பணம் கட்டச் சொல்லி வற்புறுத்தின. பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய ரசீதைக் காட்டும்போது நமக்கு வரும் கூச்சத்தை எந்தச் சட்டமும் கொடுத்துவிட முடியாது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் சுமார் 8 கோடி ரூபாய் சேர்ந்திருந்தது; இலக்கு ஏறத்தாழ 12 கோடி.

கடனும் ஒப்பந்தமும்

மீதிக்கான பெரும்பகுதி கடனாக வந்தது; கடன் கொடுத்தவற்றில் ஒன்று தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம். உலக வங்கி உதவியோடு 1988-இல் தொடங்கிய நகராட்சி வளர்ச்சி நிதியை 1996-இல் மாற்றியமைத்து, தனியார் நிதி நிறுவனங்களையும் பங்காளிகளாகச் சேர்த்து உருவாக்கிய அறக்கட்டளை அது. கடன் கொடுப்பவர் திருப்பி வாங்க வேண்டும் என்று நினைக்கும் இடம் என்பதால், மாதக் கட்டணம், இணைப்புகளின் எண்ணிக்கை, வரி வசூல் என எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்தது. அமெரிக்காவின் சர்வதேச வளர்ச்சி முகமையும் ஆலோசனை உதவி அளித்தது. எஞ்சிய இடைவெளியை மாநில அரசின் வழியாக வந்த மானியம் அடைத்தது.

ஒப்பந்த ஏற்பாடு தனித்துக் கவனிக்கத்தக்கது. குழாய் பதிக்க ஒருவர், சுத்திகரிப்பு நிலையம் கட்ட இன்னொருவர் என்று பிரித்தால், கழிவுநீர் வராவிட்டால் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். ஆகவே இரண்டுக்கும் ஒரே டெண்டர். ஐ.வி.ஆர்.சி.எல் நிறுவனம், வா டெக் வாபாக் நிறுவனத்தோடு சேர்ந்து அதைப் பெற்றது. சுமார் 120 கிலோமீட்டர் குழாய்களும் நீரேற்று நிலையமும் செய்த வேலைக்குப் பணம் என்ற வழக்கமான முறையில். சுத்திகரிப்பு நிலையம் மட்டும் ஒப்பந்ததாரரின் சொந்த முதலீடு: அவரே கட்டி, 14 ஆண்டுகள் இயக்கி, சுத்திகரித்த அளவுக்கு நகராட்சியிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, முடிவில் நிலையத்தை ஒப்படைக்க வேண்டும். நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர் சுத்திகரிக்கத் திட்டமிட்டு, முதல் கட்டமாக அதில் பாதியளவுக்குக் கட்டப்பட்டது.

இதில் நகராட்சியின் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கியது. கழிவுநீர் குறைவாக வந்தாலும் குறைந்தபட்ச அளவுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது நிலையம் தயாரான நாளில் வீடுகள் இணைந்திருக்காவிட்டால், சுத்திகரிக்காத நீருக்கும் செலவு. தமிழகத்தின் பல ஊர்களில் தெருக்குழாய் பதித்து ஆண்டுகள் ஆகியும் வீட்டு இணைப்பு வராமல் கிடந்ததுண்டு. ஆலந்தூரில் அந்தச் சோம்பலுக்கு மாதாமாதம் விலை வைத்திருந்தார்கள்.

வீட்டு இணைப்பு என்பது கேட்பதற்குத்தான் எளிது. செப்டிக் டேங்க் பெரும்பாலும் வீட்டின் பின்பக்கம் இருக்கும், தெருக்குழாய் முன்பக்கம். பக்கச் சந்து மூன்றடி அகலம். அதிலேயே கிணறு, துணி துவைக்கும் கல், தண்ணீர்க் குழாய் எல்லாம் இருக்கும். கழிப்பறையிலிருந்து தெரு மேன்ஹோல் வரை சரிவு தப்பாமல் குழாய் இறக்க வேண்டும். சரிவு பிசகினால் அடைப்பு உறுதி. வீட்டுக்குள் நடக்கும் இந்த வேலை வீட்டுக்காரர் தலையில். தெருவில் வேறு தொல்லை: தோண்டிய பள்ளம், மழையில் சேறு, பல மாதங்கள் கார் நுழையாத சாலைகள். முன்பணம் கட்டியவர்கள் என்பதால் பொறுத்தும் கொண்டார்கள், அதே உரிமையில் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சண்டையும் போட்டார்கள்.

சேர்ந்த கழிவுநீர் சுத்திகரிப்புக்காகப் பெருங்குடிக்கு இறைக்கப்பட்டது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தப் பகுதி ஏற்கெனவே சென்னையின் குப்பைமேட்டுக்கும் கழிவுநீருக்கும் இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆலந்தூரின் வெற்றிக்கதையைச் சொல்பவர்கள் பெருங்குடி தரப்பைச் சொல்வது அரிது.

குடிசைப்பகுதிகள் திட்டத்தின் பலவீனமான பக்கம். ஐயாயிரம் ரூபாய் என்ற அளவுகோல் சொந்த வீட்டுக்காரரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. குடிசைவாசிகளுக்குக் குறைந்த செலவுக் கழிப்பறைகளும் பொதுக்கழிப்பறைகளும் ஒதுக்கப்பட்டன. வீட்டுக்குள் கழிப்பறை கட்டவே இடமில்லாதவர்களுக்கு அது உதவிதான்; ஆனால் நங்கநல்லூர் தெருக்களுக்குக் கிடைத்த சேவையும் இதுவும் ஒன்றில்லை. வாடகைக்குக் குடியிருந்தவர்கள் கணக்கில் எங்குமே இல்லை. வைப்புத்தொகை கட்டியது உரிமையாளர், மாதக் கட்டணம் யார் தலையில் என்பது அந்தந்த வீட்டுப் பேச்சு.

பிறகு

ஆலந்தூரைப் பார்த்துத்தான் தமிழகத்தின் பிற நகராட்சிகளில் பாதாளச் சாக்கடைக்கு மக்கள் பங்களிப்பு என்ற வழக்கம் பரவியது. ஆனால் மற்ற ஊர்களுக்கு அது பெரும்பாலும் மேலிருந்து வந்த விதியாகவே போய்ச்சேர்ந்தது. பணம் கட்டச் சொல்லும் நோட்டீஸ் வந்தது, பேரம் பேசும் கூட்டம் வரவில்லை. ஆலந்தூரில் வேலை செய்தது ஐயாயிரம் ரூபாய் என்ற தொகையா, அதைக் கேட்ட விதமா என்றால், இரண்டாவது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174-இலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் அதில் சேர்ந்தன. ஆலந்தூர் 12-ஆவது மண்டலமானது. குழாய்களும் நீரேற்று நிலையமும் குடிநீர் வாரியத்தின் பொறுப்புக்குப் போயின. அதே மண்டலத்துக்குள் வந்த முகலிவாக்கம், மணப்பாக்கம் போன்ற பகுதிகளில் அப்போது பாதாளச் சாக்கடை இல்லை. அடையாற்றுக்கு அந்தப் பக்கம் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ ரயில் 2015 ஜூன் 29 அன்று ஓடத் தொடங்கியதும் நிலத்தின் விலையும் கட்டடங்களின் உயரமும் மறுபடி ஏறின. 1990-களின் மதிப்பீட்டில் விட்டம் கணக்கிட்டுப் பதித்த குழாய்கள் இப்போது அந்த அடுக்ககங்களுக்கும் சேர்த்துச் சுமக்கின்றன. 2016-இல் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடக்கவில்லை. அந்த இடைவெளியில் குழாய் அடைத்துக்கொண்ட ஆலந்தூர்க்காரருக்குப் புகார் சொல்லக் கவுன்சிலர் கிடையாது. வாரியத்தின் பகுதி அலுவலகம் மட்டுமே இருந்தது.