ஆசிரியரின் நேரத்தை மீட்டுத் தரும் கருவிகள்

பள்ளிக்கூடத்திற்குள் தொழில்நுட்பம் வரலாமா என்ற விவாதத்திற்கு இனி இடமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் பக்கங்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. வருகைப்பதிவு செயலியில் நடக்கிறது. மாணவர் விவரம், மதிப்பெண், விலையில்லாப் பொருள்கள் வழங்கிய கணக்கு என அனைத்தும் எமிஸ் தளத்தில் ஏறுகின்றன. ஆனாலும், ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சிகளில் நான் மிகுதியாகக் கேட்பது "பாடம் நடத்த நேரம் கிடைப்பதில்லை" என்ற ஒரே குரலைத்தான். பதிவேற்றப் பணிச்சுமை குறித்து ஆசிரியர் சங்கங்களும் தொடர்ந்து முறையிட்டு வந்துள்ளன. வேலையைக் குறைக்க வேண்டிய கருவியே வேலையைக் கூட்டுகிறது என்றால், அதைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் பயன்படுத்தும் முறையிலும் கவனம் தேவைப்படுகிறது.

ஒரு கருவியை மதிப்பிட நான் மூன்று கேள்விகளைக் கேட்பது வழக்கம். அது ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறதா? இணைய இணைப்பு அறுந்தாலும் வகுப்பில் பயன்படுமா? மாணவரின் விவரங்கள் அதில் பாதுகாப்பாக இருக்குமா? பெரிய செலவின்றி இன்றே தொடங்கக்கூடிய சில வழிமுறைகளை இக்கேள்விகளின் அடிப்படையில் தொகுத்துத் தருகிறேன்.

எழுத்துருச் சிக்கலிலிருந்து விடுதலை

பள்ளி அலுவலகக் கணினிகளில் வீணாகும் நேரத்தில் பெரும்பங்கு பழைய எழுத்துருக்களால் வருகிறது. பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி உருவாக்கப்பட்டவை. திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும், கணினியின் கணக்கில் அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளின் வரிசைதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். அத்தகைய கோப்பில் ஒரு மாணவரின் பெயரைத் தமிழில் தேட முடியாது. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கவும் முடியாது.

யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் தனி இடம் உண்டு. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தமிழுக்கான குறியாக்கமாக ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் பழைய எழுத்துருக்களில் இன்னும் உலவுகின்றன.

"தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய விரல்களை இனி மாற்ற முடியாது" என்று பலர் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் தேவையற்றது. விசைப்பலகை அமைப்பு வேறு, குறியாக்கம் வேறு. பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பிலேயே ஒருங்குறியில் எழுத உதவும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ் 99 விசைப்பலகையைப் பரிந்துரைப்பேன். 1999ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான இவ்வமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் உள்ளன. மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் உள்ளன. ககரத்தை இருமுறை அழுத்தினால் முதல் ககரத்திற்குப் புள்ளி தானே வந்துவிடும். அண்மைய விண்டோஸ் பதிப்புகளில் இது உள்ளமைந்தே வருகிறது. கைபேசியில் செல்லினம் செயலி இதே அமைப்பைத் தருகிறது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன.

இது வசதி பற்றிய செய்தி மட்டுமன்று. பார்வை மாற்றுத்திறனாளிகளான ஆசிரியர்களும் மாணவர்களும் கணினியைத் திரைவாசிப்பான் வழியாகவே பயன்படுத்துகிறார்கள். என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. ஆனால், பாமினியில் அடித்த சுற்றறிக்கையை அது ஆங்கிலக் குறிகளின் குப்பையாகத்தான் வாசிக்கும். ஒருங்குறியில் எழுதுவது அவர்களுக்குப் பள்ளியின் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

தட்டச்சு செய்யாமலே எழுதும் வழிகளும் உள்ளன. ஆண்ட்ராய்டு கைபேசியின் ஜிபோர்டு விசைப்பலகையில் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் தமிழ் எழுத்தாக விழும். அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, அதை டாக்ஸ் கோப்பாகத் திறந்தால் எழுத்துகள் பிரித்தெடுக்கப்பட்டுவிடும். இரண்டிலும் ஒற்றுப் பிழைகளும் ணகர, னகர மயக்கங்களும் வரும். ஒருமுறை படித்துத் திருத்துவது கட்டாயம் என்றாலும், முழுவதையும் அடிப்பதைவிட நேரம் குறைவே.

ஒரே பட்டியல், பல படிவங்கள்

அலுவலகப் பணியாளர்களும் வகுப்பாசிரியர்களும் கற்க வேண்டிய முதல் திறன் எது என்று கேட்டால், மெயில் மெர்ஜ் என்பேன். மாணவர் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், மதிப்பெண் ஆகியவற்றை ஓர் எக்செல் பட்டியலில் ஒருமுறை சரியாக உள்ளிட்டால் போதும். வேர்டு கோப்பில் ஒரு சான்றிதழ் மாதிரியை அமைத்துப் பட்டியலோடு இணைத்தால், 40 மாணவர்களுக்கும் 40 சான்றிதழ்கள் சில நிமிடங்களில் ஆயத்தமாகும். கட்டணமில்லாத லிப்ரே ஆபிஸ் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

பட்டியல் தயாரிக்கும்போது மூன்று பொறிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வங்கிக் கணக்கு எண்ணின் தொடக்கத்தில் உள்ள சுழியங்களை எக்செல் தானாகவே நீக்கிவிடும். இரண்டாவது, 15 இலக்கங்களுக்கு மேல் நீளும் எண்களில் எஞ்சிய இலக்கங்களை அது சுழியமாக்கிவிடும். விவரங்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வடிவத்திற்கு மாற்றிவிட்டால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம். மூன்றாவது, நாளும் மாதமும் இடம் மாறுவது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், ஆகஸ்ட் 5 எனக் கருதி 05/08 என்று அடிப்பதை அது மே 8 என எடுத்துக்கொள்ளும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் ஒரு குழந்தையின் உதவித்தொகை நின்றுபோகும். மாற்றுச் சான்றிதழில் பிறந்த நாள் பிசகினால், அதைத் திருத்தப் பெற்றோர் தம் கூலி நாள்களை இழந்து அலைய நேரிடும்.

இணைப்பு இல்லாத வகுப்பறை

இணையத்தை நம்பித் திட்டமிட்ட பாடம், இணைப்பு அறுந்தவுடன் நின்றுவிடும். எனவே முந்தைய நாளே தரவிறக்கி வைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 2017இல் தொடங்கப்பட்ட தீக்ஷா தளத்தின் செயலியில் பாடப் பொருள்களைக் கைபேசியில் இறக்கி வைத்து, இணைப்பின்றிக் காட்டலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் உள்ளன. பள்ளிக் கல்வித் துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலி, பாடக் கருத்துகளைக் காணொலிகளாக விளக்குகிறது.

அறிவியல் ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபெட் பாவனைகளைப் பற்றி. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டம் இது. மின்சுற்றில் கம்பியை இணைத்தல், ஊசலின் நீளத்தை மாற்றுதல், அமிலமும் காரமும் கலத்தல் போன்றவற்றைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். அவற்றில் பல தமிழிலும் கிடைக்கின்றன. ஒரு பாவனையை ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால், உலாவி உள்ள எந்தக் கணினியிலும் இணையம் இன்றி இயங்கும். ஆய்வகத்தில் கைப்படச் செய்யும் சோதனைக்கு இது மாற்றாகாது. அந்தச் சோதனைக்கு முன் மாணவரிடம் கேள்விகளை எழுப்புவதற்கு இதைவிட எளிய வழியும் இல்லை.

கணித ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ரா இருக்கிறது. ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்கும்போது மூன்று கோணங்களும் மாறுவதையும், அவற்றின் கூடுதல் 180 பாகையாகவே நிற்பதையும் மாணவர் கண்ணால் காண்பார். நூலக வசதி குறைந்த பள்ளிகளுக்குக் கிவிக்ஸ் உதவும். தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்துப் படிக்க உதவும் இலவச மென்பொருள் இது. தமிழ் ஆசிரியர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டமும் வற்றாத ஊற்றுகள்.

கைபேசி யாருடையது?

வீட்டுப்பாடத்தைக் கைபேசிக்கு அனுப்பும் பழக்கம் பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் நிலைத்துவிட்டது. 14 முதல் 18 வயது வரையிலானோரைக் குறித்த 2023ஆம் ஆண்டின் அசர் அறிக்கை இங்கு நினைவுகூரத்தக்கது. ஆய்வுக்குள்ளான இந்திய ஊரக மாவட்டங்களில், ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. ஆனால், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள் சொந்தமாகக் கைபேசி வைத்திருந்த ஆண்கள் 43.7 விழுக்காடு, பெண்கள் 19.8 விழுக்காடு மட்டுமே. வீட்டில் கைபேசி இருப்பதும் மகளின் கையில் அது கிடைப்பதும் ஒன்றல்ல. இரவு எட்டு மணிக்கு அனுப்பப்படும் கூகுள் படிவத் தேர்வு யாரை விட்டுவிடுகிறது என்பதை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

மாணவரிடம் கருவியே இல்லாத வகுப்பிற்கும் வழி உண்டு. பிளிக்கர்ஸ் என்ற செயலியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள் அட்டை வழங்கப்படும். விடைக்கேற்ப அட்டையைத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியர் தம் ஒரே கைபேசியின் கேமராவால் வகுப்பு முழுவதையும் ஒரு வீச்சில் பதிவு செய்துகொள்ளலாம். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் அடுத்தவர் அட்டையைப் பார்த்து விடை சொல்வதும் எளிதல்ல. கை உயர்த்தத் தயங்கும் மாணவர் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவும் ஆசிரியரும்

வினாக்கள் தயாரிக்கவும் பாடத்திட்டத்தின் முதல் வரைவை எழுதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் உதவுகின்றன. தமிழில் அவை இலக்கண விதிகளையும் இலக்கிய மேற்கோள்களையும் தவறாகத் தருவதுண்டு; இல்லாத பாடலை உறுதியான தொனியில் எழுதிவிடுவதும் உண்டு. ஆகவே, பாடநூலின் பகுதியைக் கொடுத்து "இதிலிருந்து மட்டும் வினா எழுது" என்று கேட்பது பாதுகாப்பானது. விடைக்குறிப்பை ஆசிரியரே சரிபார்க்க வேண்டும். மாணவரின் பெயர், மதிப்பெண், குடும்பச் சூழல் ஆகியவற்றை அக்கருவிகளில் ஒருபோதும் உள்ளிடக் கூடாது.

நம்பி ஒப்படைத்த விவரங்கள்

ஒரு பள்ளியிடம் இருக்கும் விவரங்களை எண்ணிப் பார்த்தால் திகைப்பு ஏற்படும்: ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதி, குடும்ப வருமானம், தாயின் கைபேசி எண், குழந்தையின் உயரம், எடை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவை அது கோருகிறது. சில விதிவிலக்குகளுக்கும் இடம் தருகிறது. சட்டத்தின் நுணுக்கங்களை வல்லுநர்கள் விளக்கட்டும். பள்ளிகள் நாளையே தொடங்கக்கூடியவை சில உண்டு.

பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அறிமுகமற்ற ஒருவருக்குத் தாய்மார்களின் எண்கள் கிடைப்பது இவ்வாறுதான். கம்யூனிட்டி வசதியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் எண்கள் பிற உறுப்பினர்களுக்குத் தெரிவதில்லை. அறிவிப்புகளுக்கு அதையே பயன்படுத்தலாம். ஆதார், வங்கி விவரங்கள் அடங்கிய பட்டியலைக் குழுக்களில் பகிரக் கூடாது. தனியே அனுப்ப நேர்ந்தால் கடவுச்சொல்லிட்டு அனுப்பி, அக்கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்வது நல்லது. இணைய மையத்தில் வேலை செய்தால், கணக்கிலிருந்து வெளியேறுவதோடு இறக்கிய கோப்புகளையும் அழித்துவிட்டே எழ வேண்டும். பள்ளியின் மின்னஞ்சலுக்கு இருபடிச் சரிபார்ப்பை இயக்குவதும், கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதிருப்பதும் அடிப்படை ஒழுக்கங்கள். பண மோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணுக்கும், குழந்தை துன்பத்திற்கு உள்ளானால் 1098 என்ற எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும். இவ்விரு எண்களும் ஆசிரியர் அறையில் எழுதி வைக்கத்தக்கவை.

துறையின் பங்கு

ஆசிரியர்கள் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. துறையின் படிவங்களும் சுற்றறிக்கைகளும் முழுமையாக ஒருங்குறியில், படங்களாக அல்லாமல் எழுத்துக் கோப்புகளாக வர வேண்டும். ஒரு தளத்தில் ஏற்றிய விவரத்தை மற்றொரு தளத்திற்காக மீண்டும் கேட்கக் கூடாது. புதிய செயலி ஒன்றை அறிமுகப்படுத்தும்போது, அது எந்தப் பழைய பதிவேட்டை நீக்குகிறது என்பதும் ஆணையிலேயே இடம்பெற வேண்டும். பதிவேடும் செயலியும் ஒருசேரத் தொடர்ந்தால் சுமை இரட்டிப்பாகும்.

பள்ளிகளும் மாதம் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கலாம். ஓர் ஆசிரியர் தாம் பயன்படுத்திப் பலன் கண்ட ஒரே ஒரு கருவியைச் சக ஆசிரியர்களுக்குச் செய்து காட்டினால் போதும். வெளியிலிருந்து வரும் பயிற்சியைவிட, பக்கத்து வகுப்பில் பலித்த உத்தியே விரைவாகப் பரவுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு நாளில் அரைமணி நேரம் மிச்சமானாலும், பின்தங்கிய ஒரு மாணவரை அருகில் அமர்த்தி வாசிக்கச் சொல்லிக் கேட்க அது போதுமானது. பள்ளிக்குள் வரும் ஒவ்வொரு கருவியும் அந்த அரைமணி நேரத்தை மீட்டுத் தருகிறதா என்றே அளக்கப்பட வேண்டும்.