காட்டன்வுட் ஏரி ஆய்வுப் பகுதி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில், ஆதிகாலப் பனியாறுகள் விட்டுச்சென்ற பள்ளங்களில் நீர் தேங்கி உண்டான புல்வெளிக் குட்டைகளை, 1967 முதல் விஞ்ஞானிகள் அவதானித்து வரும் பிரதேசம். மேட்டுக் குட்டைகள் வசந்தகாலப் பனிநீரைப் பூமிக்குள் இறக்கிவிட்டுக் கோடையில் வறண்டுபோக, தாழ்விலுள்ளவை அந்நிலத்தடி நீரையே ஏற்று, உப்புச் செறிந்து, நெடுநாள் நிலைத்திருக்கும் சூட்சுமம் இங்கே விளக்கமாயிற்று. 1988 முதல் 1992 வரை நீடித்த வறட்சியில் வெடித்த சேற்றில் முளைத்தெழுந்த செடிகள், 1993இல் தொடங்கிய பெருமழைக் காலத்தில் மூழ்கி அழிந்தன. இரண்டொரு ஆண்டு மட்டும் பார்த்தவர் இவ்விரு நிலைகளில் ஒன்றையே நித்தியமென்று மயங்கியிருப்பர். உழவின்பொருட்டு எண்ணற்ற குட்டைகள் வடிக்கப்பட்டுவிட்ட இந்நிலப்பரப்பில், சீதோஷ்ண மாறுதலின் விளைவையும் மனிதன் செய்கையையும் பிரித்தறிய இத்தகைய நெடும் பதிவு இன்றியமையாதது. வட அமெரிக்காவின் வாத்துகளில் பெரும்பகுதி இத்தகைய புல்வெளிக் குட்டைகளை அண்டியே முட்டையிட்டுப் பெருகுகின்றது.